கூப்பிடாமல் கொடுத்த கோல்

கட்டுக்கலை, கண்டி
2024.06.12

நிலூஷாவுக்கு,

இது மன்னிப்புக் கடிதம் என்று நினைத்துத் திறந்திருந்தால் இப்போதே மடித்து, கொண்டுவந்த இல்மாவிடமே திருப்பிக் கொடுத்துவிடு. நேற்று ரிலே பிராக்டிஸில் நம் கைமாறும்போது கோல் கீழே விழுந்ததற்குக் காரணம் சொல்லத்தான் எழுதுகிறேன். நான் வேண்டுமென்றே கூப்பிடவில்லை என்று கைரியா டீச்சரிடம் போய்ச் சொன்னாயாம். கூப்பிடவில்லை என்பது உண்மை. வேண்டுமென்றே என்பது நீ சேர்த்தது.

போன மாதம் என் அப்பா உன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு பிலிமத்தலாவைக்குப் போன மறுநாள் காலையில், என் அம்மா சாமி படத்துக்கு முன்னால் சூடம் ஏற்றினார். என் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார். "அந்த வீட்டு ஆளுங்களோட ஒரு வார்த்த பேசுனா, நீயே என்னைக் கொன்ன மாதிரி" என்றார். சத்தியம் செய்தேன். அந்த வீடு என்றால் உங்கள் வீடு. அதில் நீயும் சேர்த்தி. அன்றிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை, ஆள் பாதியாகிவிட்டார். அந்தத் தலையில் வைத்த சத்தியத்தோடு விளையாட எனக்குத் தைரியமில்லை. எழுதக் கூடாது என்று அம்மா சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

மூன்றாவதாக ஓடி வருகிற நான் "புடி" என்று கத்த வேண்டும், கடைசியாக ஓடுகிற நீ திரும்பிப் பாராமல் கையைப் பின்னால் நீட்ட வேண்டும். ஒன்பதாம் வகுப்பிலிருந்து அப்படித்தான் கொடுத்தோம். இனி அந்தப் புடி கிடையாது. இடத்தை மாற்றலாம் என்று டீச்சர் சகீனாவை மூன்றாவதாக விட்டுப் பார்த்தார். அவள் வளைவில் பக்கத்து ஓடுபாதைக் கோட்டுக்குள் போய் விழுந்ததை நீயும் பார்த்தாய். ஆக நம்மைப் பிரித்து வைக்கவும் வழியில்லை.

ஒன்று செய். நான் நாடா ஒட்டிய இடத்தைத் தாண்டியதும் புறப்படு. கோல் மாறும்வரை வழக்கமாக நீ ஓடுகிற காலடிகளை மனதுக்குள் எண்ணு. எண்ணி முடிந்ததும் கையை நீட்டு, நான் கோலை வைப்பேன். பதினெட்டு வயதுப் பிரிவில் நமக்கு இதுதான் கடைசி வருஷம். அகில இலங்கைப் போட்டியில் மெடல் எடுத்தால் கொழும்பில் விளையாட்டு விடுதியில் இடம் வாங்கித் தருவதாக டீச்சர் சொல்லியிருக்கிறார். எனக்கு இந்த வீட்டைவிட்டு வெளியே போக வேண்டும். அதற்கு உன் கை போதும், நீ வேண்டாம்.

உன் அம்மா நாள் தவறாமல் சோற்றுப் பார்சலோடு மைதானத்துக்கு வந்தது உன்மேல் இருந்த பாசத்தால் என்று நான் நம்பினேன். நீ நம்பினாயா? பதில் எழுத வேண்டாம்.

சஞ்சீவனி

*

ஹந்தானை
2024.06.15

சஞ்சீவனி,

பதில் எழுத வேண்டாம் என்றால் கட்டாயம் எழுதுகிறவள் நான் என்று உனக்குத் தெரியும். தெரிந்துதான் அப்படி எழுதினாய்.

நம்பினாயா என்று கேட்கிறாய். மைதானத்திலிருந்து நம்மை ஏற்றிப்போன உன் அப்பாவின் த்ரீவீலில், அவருக்கு முன்னாலிருக்கிற சின்னக் கண்ணாடி எந்தப் பக்கம் திரும்பியிருக்கும் என்று நான் சொல்லவா, நீயே சொல்கிறாயா? ரோட்டைப் பார்க்க வேண்டிய கண்ணாடி பின் சீட்டில் இருந்த என் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். நீயும் அதே சீட்டில் மற்றப் பக்கம் இருந்து பார்த்தாய். இரண்டு பேரும் வெளியே தேயிலையைப் பார்க்கிற மாதிரி நடித்தோம். இப்போது என் தலையில் மட்டும் கொட்டுகிறாய்.

உனக்கு அப்பாதான் போனார். சத்தியம் வாங்க ஓர் அம்மா இருக்கிறார். எங்கள் தோட்டத்து லயத்தில் நான் பைப்படிக்குத் தண்ணீருக்குப் போனால் எல்லாருடைய பேச்சும் நின்றுவிடுகிறது. என் அப்பா தேயிலை பெக்டரியிலிருந்து வந்து, நான் ஆக்கியதைச் சாப்பிட்டுவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்துவிடுகிறார். மைதானத்துக்குப் போகட்டுமா என்று கேட்டதற்கு, "போ. அங்கயாவது போ" என்றார். அதற்குப் பிறகு என்னிடம் ஒரு வார்த்தையில்லை. சத்தியம் செய்யாமலே பேசாமல் இருக்கிறவரோடு இருந்து பார், அப்போது தெரியும்.

சரி, எண்ணுகிறேன். ஆனால் ஒன்று. போன செவ்வாய்க்கிழமை கோலை என் முழங்கையில் அடித்தாயே, அது சத்தியத்தில் வராது. இன்னொரு தடவை அடித்தால் கோலைத் தூக்கி எறிந்துவிட்டு வந்து உன் தலைமயிரைப் பிடிப்பேன். அதற்கும் பேச்சு தேவையில்லை.

நிலூஷா

*

கட்டுக்கலை
2024.07.28

நிலூஷாவுக்கு,

வலயப் போட்டியில் முதலாவதாக வந்தோம். அதைக் கொண்டாட எழுதவில்லை.

காலில் போட்டிருந்தாயே, பச்சை ஸ்பைக்ஸ். அதை யார் வாங்கித் தந்தது என்று இல்மா உன்னிடம் கேட்டபோது "மாமா" என்று சொன்னாயாம். உனக்கு எந்த மாமா? உன் அம்மாவின் அண்ணன் கட்டாரில் இருக்கிறார், அவர் ஒரு கார்ட்கூட அனுப்பியதில்லை. என் அப்பாவை நீ சின்ன வயதிலிருந்து மாமா என்றுதான் கூப்பிடுவாய். அப்போது அது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இப்போது வயிறு எரிகிறது.

எனக்கு ஸ்பைக்ஸ் வாங்கித் தருவதாக அப்பா எட்டாம் வகுப்பில் சொன்னார். ஒவ்வொரு சீசனிலும் சொன்னார். நான் சகீனாவின் அக்கா போட்டுக் கழித்ததைத்தான் கயிறு மாற்றிப் போடுகிறேன். நேற்று வளைவில் வரும்போது எனக்கு முன்னால் தெரிந்தது உன் முதுகல்ல, என் அப்பா வாங்கித் தந்த அந்தப் பச்சைதான். அதைப் பார்த்துக்கொண்டே ஓடினேன். அதனால்தான் அவ்வளவு வேகமாக வந்தேன். டீச்சர் என்னைப் பாராட்டினார், எனக்கு அழுகை வந்தது.

பிலிமத்தலாவைக்குப் போனாய். அந்த வீட்டில் சாப்பிட்டாய். உங்கள் லயத்தில் சோறு இல்லையா?

சஞ்சீவனி

*

ஹந்தானை
2024.08.02

சஞ்சீவனி,

போனேன். அவர் என் அம்மா. உன் அம்மாவைப் பார்க்க உனக்கு பஸ் ஏற வேண்டியதில்லை, அதனால் உனக்கு இது விளங்காது.

ஹார்ட்வெயார் கடைக்கு மேலே ஓர் அறை. கீழே தகரம் வெட்டுகிற சத்தம். அம்மா என்னைக் கண்டதும் பிளேன்டீ ஊற்றினார், சாப்பிட்டாயா என்று கேட்டார். உன் அப்பா நான் வந்ததும் எழுந்து போய் மாடிப்படியில் இருந்தார். நான் அங்கே இருந்த நேரம் முழுக்க உள்ளே வரவில்லை. அம்மா என்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எப்படி ஓடுகிறேன், எங்கே ஓடுகிறேன், ஒன்றுமில்லை. உன் அப்பாதான் நான் இறங்கும்போது எழுந்து நின்று, "சஞ்சீ வளைவுல இன்னும் வலது தோளைத் தூக்குறாளா" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதைச் சொன்னதற்கு எனக்கு நன்றி சொல்லத் தேவையில்லை.

ஸ்பைக்ஸ் இரண்டு சோடி வாங்கியிருந்தார். உன்னுடையதையும் என்னிடம் தந்துவிடப் பார்த்தார். எடுத்துப் பார்த்தேன், அது உன் போன வருஷத்துக் காலளவு. உன் கால் வளர்ந்தது அவருக்குத் தெரியாது. அதனால் வேண்டாம் என்று வைத்துவிட்டு வந்தேன். என்னுடையதை வாங்கிக்கொண்டேன், ஏனென்றால் என் பழையது பெருவிரலில் கிழிந்துவிட்டது, எனக்கு ரோசம் பார்த்துக்கொண்டு வெறுங்காலில் ஓட முடியாது.

மாகாணப் போட்டிக்கு வர வேண்டாம் என்று இரண்டு பேரிடமும் சொன்னேன். அம்மா சரி என்றார். உடனே சரி என்றார். அதை நினைத்தால் எனக்கு எரிகிறது, நீ உன் பச்சையைப் பற்றி எழுது.

நிலூஷா

*

கட்டுக்கலை
2024.09.10

நிலூஷாவுக்கு,

வர வேண்டாம் என்று சொன்னாயாம். நன்றாகச் சொன்னாய். மாகாணப் போட்டியன்று போகம்பரை மைதானத்தில் கோல் மாற்றுகிற இடத்துக்கு நேராக, வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாரே, அது யார்?

இத்தனை நாள் எண்ணிப் பழகியதெல்லாம் ஒரே கத்தலில் போய்விட்டது. நான் கூப்பிடவில்லை என்பதைக் கண்டுபிடித்து, எனக்குப் பதிலாக என் அப்பாவே "புடி" என்று கத்தினார். பிராக்டிஸுக்கெல்லாம் வந்து வந்து எங்கே கத்த வேண்டும் என்று அவருக்கு அத்துப்படி. நீயும் வெட்கமில்லாமல் அந்தக் குரலுக்குக் கையை நீட்டினாய். நான் இன்னும் பின்னால் வந்துகொண்டிருந்தேன். கோல் உன் பெருவிரலில் பட்டுத் துள்ளியது. நீ பிடித்தாய், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் முதலாவதாக வர வேண்டியவர்கள் மூன்றாவதாக வந்தோம். கொழும்புக்கு, அகில இலங்கைப் போட்டிக்குப் போக அது போதும் என்று எல்லோரும் கைதட்டினார்கள்.

டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கொழும்பில் நான் கூப்பிட்டுக் கொடுக்காவிட்டால் என் இடத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளையை விடப்போகிறாராம். "வாயத் தெறக்க ஏலாதெண்டா பெஞ்சில இரிங்க மகள்" என்றார். சத்தியத்தைப் பற்றி அவரிடம் சொன்னது யார்? நான் சொல்லவில்லை.

என் அப்பாவை எடுத்துக்கொண்டீர்கள். ஸ்பைக்ஸை எடுத்துக்கொண்டாய். இப்போது என் இடம்.

சஞ்சீவனி

*

ஹந்தானை
2024.09.14

சஞ்சீவனி,

டீச்சரிடம் சொன்னது நான்தான். நீ பைத்தியம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார், சத்தியம் என்று சொன்ன பிறகு பாவம் என்று நினைக்கிறார். எது மேல் என்று நீயே பார்த்துக்கொள்.

உன் அப்பாவை நான் வரச் சொல்லவில்லை. உனக்காக வந்தார். வேலியில் நின்று உன் பெயரைச் சொல்லிக் கத்தக்கூட அவருக்குத் துணிவில்லை, அதனால்தான் புடி என்று கத்தினார். என் அம்மா வரவில்லை. நான் ஓடி முடித்துக் குனிந்து மூச்சு வாங்கும்போது வேலி நீளத்துக்கும் பார்த்தேன். உனக்கு அப்பா போய்விட்டார் என்று ஊரெல்லாம் பாவப்படுகிறது. அவர் போயும் உன்னைப் பார்க்க வருகிறார். எனக்கு யார் வருகிறார்கள்?

சரி, இதற்கு வழி லேசானது. உன் அம்மாவிடம் போ. அம்மா, அந்தச் சத்தியத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேள். மைதானத்துக்குள் மட்டும் என்றாவது கேள். நீ கேட்க மாட்டாய், எனக்குத் தெரியும். சத்தியம் உனக்கு வசதி. அது இல்லாவிட்டால் என்னிடம் வந்து நேருக்கு நேர் திட்ட வேண்டியிருக்கும், திட்டினால் நான் பதில் சொல்வேன், என் பதிலை நீ கேட்க வேண்டியிருக்கும். அதற்குத்தான் பயப்படுகிறாய், உன் அம்மா தலைக்கு இல்லை.

நிலூஷா

*

கட்டுக்கலை
2024.10.09

நிலூஷாவுக்கு,

உனக்குப் பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன்.

அம்மாவிடம் கேட்கப் போனேன். அவர் தலைவாரிக்கொண்டிருந்தார், சீப்பில் கொத்தாக முடி. அதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். கேட்டால் நானும் அப்பா பக்கம் சாய்ந்துவிட்டதாக நினைப்பார். எனக்கு வசதி என்று நீ சுலபமாக எழுதிவிட்டாய். அந்தத் தலையில் கை வைத்தது நீயில்லை.

நீ ஜெயித்துவிட்டாய். பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் கோலை வாங்கிக்கொள். அவளுக்கு நன்றாகக் கத்த வரும்.

சஞ்சீவனி

*

ஹந்தானை
2024.10.11

சஞ்சீவனி,

அந்தப் பிள்ளை வளைவில் ஓடுவதைப் பார்த்தாயா? முச்சக்கர வண்டி சரிகிற மாதிரி சரிகிறது. அவளை நம்பி நான் கொழும்புக்குப் போக மாட்டேன்.

டீச்சரிடம் பொய் சொல்லிவிட்டேன். நீ கூப்பிடுகிறாய், மெதுவாகத்தான் கூப்பிடுகிறாய், எனக்குக் கேட்கிறது, அது போதும் என்றேன். போன வாரப் பிராக்டிஸில் நாம் தவறாமல் கொடுத்து வாங்கியதைப் பார்த்திருந்ததால் அவரும் நம்பிவிட்டார். நீ வாயை மட்டும் அசை. உனக்காகச் செய்ததாக நினைத்து என்னைக் கட்டிப்பிடிக்க வந்துவிடாதே. எனக்கும் இந்த வீட்டைவிட்டு வெளியே போக வேண்டும்.

நிலூஷா

*

ஹந்தானை
2024.10.30

சஞ்சீவனி,

கொழும்பிலிருந்து திரும்பிய பஸ்ஸில் நீ முன்னாலும் நான் பின்னாலும் இருந்ததால் இதை எழுதித்தான் தீர்க்க வேண்டியிருக்கிறது.

பிழை என்னுடையது. இறுதிப் போட்டியில் பக்கத்துக் கோட்டுக்காரி புறப்பட்டதைக் கண்டு நானும் முந்திப் புறப்பட்டுவிட்டேன். எண்ணி முடித்துக் கையை நீட்டினேன், கையில் ஒன்றும் வரவில்லை. இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தால் கோல் மாற்றுகிற எல்லையைத் தாண்டியிருப்பேன், எல்லாம் முடிந்திருக்கும். திரும்பிப் பார்த்தாலும் முடிந்திருக்கும். அப்போதுதான் நீ கத்தினாய். "நிலூ, மெதுவா. புடி." அவ்வளவு சத்தத்திலும் எனக்கு அது மட்டும்தான் கேட்டது. வேகத்தைக் குறைத்தேன், கோல் கைக்கு வந்தது. அதற்குப் பிறகு எப்படி ஓடினேன் என்று எனக்கே தெரியாது. மூன்றாமிடம்.

புடி போதுமே, நிலூ எதற்கு? மே மாதத்திலிருந்து என்னை யாரும் அப்படிக் கூப்பிடவில்லை. மெடல் போடும்போது நான் அழுதது அதற்காகத்தான், சந்தோஷத்தில் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். நீ அப்படிக் கூப்பிட்டதற்கு உன்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது.

பஸ்ஸில் நீ அம்மாவுக்குப் போன் பண்ணிக்கொண்டே வந்ததைப் பார்த்தேன். கேகாலையில் பஸ் நின்றபோதும் இறங்கிப் போய்ப் பண்ணினாய். லைன் பிஸி, லைன் பிஸி என்று இல்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிக்கொண்டே இருந்தாய். நீ வாய் திறந்து சத்தியத்தை முறித்ததால் உன் அம்மா செத்துப்போய் ஊரார் கூடி நிற்கிறார்கள் என்றே நீ நினைத்துக்கொண்டாய். எழுந்து வந்து உன் பக்கத்தில் இருக்கலாமா என்று யோசித்தேன். நீ என்னை எப்படிப் பார்ப்பாய் என்று தெரியும், அதனால் வரவில்லை.

உன் அம்மா நன்றாக இருக்கிறார் என்று இல்மா சொன்னாள். நன்றி சொல்ல மாட்டேன்.

நிலூஷா

*

கட்டுக்கலை
2024.11.03

நிலூஷாவுக்கு,

அம்மா நன்றாகத்தான் இருக்கிறார். எவ்வளவு நன்றாக என்று உனக்கு எழுதாமல் எனக்குத் தூக்கம் வராது.

அன்று பஸ்ஸால் இறங்கியதும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கதவு திறந்திருந்தது. அம்மா குசினியில் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பருப்பு கழுவிக்கொண்டிருந்தார். "காலையில சாப்பாட்டுக்கு முந்தி வெள்ள மாத்திர. ராவைக்கு மத்தது. டீக்குச் சீனி கேப்பாரு, குடுத்துராத" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மறுபக்கத்தில், "சரிக்கா, சரிக்கா" என்று ஒரு குரல். உன் அம்மாவின் குரலை எனக்கு எப்படித் தெரியாமல் போகும்? அந்தக் குரல் கூப்பிட்டுக் கொடுத்த சோற்றை எத்தனை தடவை சாப்பிட்டிருக்கிறேன்.

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அம்மா என்னைக் கண்டதும் போனை வைத்தார். அப்பாவுக்கு மயக்கம் வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்களாம், சீனி வருத்தமாம், இரத்தத்தில் சீனி கூடிவிட்டதாம். "அவளுக்கு ஒண்ணும் தெரியாது. நான்தானே சொல்லணும்" என்றார். எப்போதிலிருந்து பேசுகிறீர்கள் என்று கேட்டேன். ஆடி மாதத்திலிருந்தாம். அதாவது போகம்பரையில் நான் வாயைக் கடித்துக்கொண்டு ஓடியபோது என் அம்மா உன் அம்மாவோடு பேசிக்கொண்டுதான் இருந்தார். கேகாலையில் நான் இறங்கிப் போன் பண்ணியபோது லைன் பிஸியாக இருந்ததும் அதற்குத்தான்.

சத்தியத்தை முறித்துவிட்டேன் என்று அழுதுகொண்டே சொன்னேன். அம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு ஞாபகம் வந்தது. "அது அன்னைக்கு ஆத்திரத்துல வாங்குனது புள்ள. அத நீ இன்னுமா வச்சிருந்த?" என்றார். அதற்கப்புறம் மெடலைத் தொட்டுப் பார்த்து நல்ல பாரமாக இருக்கிறதே என்றார். சாப்பிடக் கூப்பிட்டார். நான் போகவில்லை. இன்றுவரை அம்மாவோடு பேசவில்லை.

உன் கடிதங்களையெல்லாம் மறுபடி வாசித்தேன். உன்மேல் எனக்கு இருக்கிற கோபம் ஒரு துளிகூடக் குறையவில்லை. கொழும்பு விடுதியில் நம் இரண்டு பேருக்கும் ஒரே அறை கொடுத்தால் நீயே போய் மாற்றிக் கேள், நான் கேட்டால் கத்திவிடுவேன். இனி நான் உன்னோடு பேசலாம், யார் தலையும் போகாது. ஆனால் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை.

உன் அப்பாவிடம் இதைச் சொல்லாதே. அவர் இன்னும் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் படுத்திருப்பார். என் அம்மாவும் உன் அம்மாவும் என் அப்பாவும் சண்டையை எப்போதோ முடித்துக்கொண்டு மாத்திரையைப் பற்றியும் சீனியைப் பற்றியும் பேசப் போய்விட்டார்கள். முடிந்துவிட்டது என்று நம் இரண்டு பேரிடமும் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை.

சஞ்சீவனி